ட்ரம்மரைக் குறை சொன்ன மாப்பிள்ளை

அந்த இசைக்குழுவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் மாமாவின் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள், மீதிப் பேர் அந்த மாப்பிள்ளையின் பக்கம் போய்விடுவீர்கள். பிறகு நான் சொல்ல வந்ததை யாரும் கேட்கமாட்டீர்கள். உலகம் முழுவதும் பெயர் தெரிந்த ஹெவி மெட்டல் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு உடுப்பு, நீளத் தலைமயிர், நாலு பேர். மூன்று பேர் கிட்டார்களோடு நிற்பார்கள். நாலாவது ஆள் பின்னால் இருந்து ட்ரம்ஸ் அடிப்பார். அந்த நாலாவது ஆளுக்கு ஒழுங்காக அடிக்கத் தெரியுமா, தெரியாதா என்பதில் ஒருநாள் எங்கள் வீட்டில் ஒரு கலியாணமே குழம்பப் பார்த்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

மாமாவுக்கு இதில் சந்தேகம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அம்மாவின் தம்பி அவர். பகலில் திருகோணமலை நகரத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பெயின்ற் கலந்து கொடுப்பார். வெள்ளி, சனி பின்னேரங்களில் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் உல்லாசப் பயணிகளுக்கு முன்னால் ட்ரம்ஸ் அடிப்பார். அங்கே அவர் அடித்ததெல்லாம் பைலா ஆட்டப் பாட்டுகளும் பழைய ஆங்கிலக் காதல் பாட்டுகளும்தான். அதைப் பற்றி அவர் வீட்டில் கதைப்பதில்லை. ட்ரம்ஸும் ஹோட்டலுக்குச் சொந்தம். வீட்டில் அவருக்கென்று இருந்தவை இரண்டு குச்சிகளும் எங்களுடைய தலையணைகளும். தலையணைகளைக் கட்டிலில் வரிசையாக அடுக்கிவிட்டு, சீடியைப் போட்டு, அந்த ட்ரம்மரோடு சேர்ந்து அடிப்பார். இரண்டு கால்களும் நிலத்தில் ஓடும். பாட்டு முடியும்போது அவருடைய பெனியனைப் பிழிந்தால் தண்ணீர் வரும். எங்கள் தலையணைகளில் இலவம்பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

நான் மாமாவின் கட்சி. இசை எனக்குத் தெரியாது, கட்சி தெரியும். ஹோட்டலில் மாமாவோடு கிட்டார் வாசிக்கிறவர் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த ட்ரம்மருக்குத் தாளம் நிற்காது என்று சொல்லிவிட்டார். மாமா அவரோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. வாராவாரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாசித்துக்கொண்டே கதைக்கவில்லை. நானும் அந்த மாதம் முழுக்க, வீதியில் அவருடைய மோட்டார் சைக்கிளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் மற்றக் கட்சி சின்னம்மா என்று நாங்கள் நினைத்திருந்தோம். அம்மாவுக்கும் மாமாவுக்கும் இளையவர். கப்பல்துறை என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். காலையில் கண்டி வீதி பஸ்ஸில் போய், பின்னேரம் களைத்து வருவார். சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். மாமா விறாந்தை அறையில் சீடியைப் போட்டதும் சின்னம்மா பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிடுவார். மாமாவின் அறைக்கும் அந்த உள்ளறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கொஞ்சம் சத்தத்தைக் குறை, அவள் பாவம் என்று அம்மா குசினி அடுப்படியில் இருந்து கத்துவார். மாமாவும் குறைப்பார். இரண்டு நிமிடத்தில் அது தானாகக் கூடிவிடும்.

சின்னம்மாவுக்குக் கலியாணம் பேசத் தொடங்கி நாளாகியிருந்தது. ஒரு இடம் சாதகம் பொருந்தாமல் போனது. இன்னொரு இடம் வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போய், பிறகு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்பா கட்டார் நாட்டில் வேலையில் இருந்ததால் இந்த விஷயங்களில் வீட்டு ஆம்பிளை மாமாதான். தங்கச்சி கரை சேரும்வரை தனக்கொன்றும் வேண்டாம் என்று தனக்கு வந்த இரண்டொரு பேச்சையும் அவர் தட்டிக் கழித்துவிட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த மட்டக்களப்பு மாப்பிள்ளையின் பேச்சு வந்தது. எங்கள் துறைமுகத்திலேயே, பெரிய கப்பல்களைக் கட்டி இழுத்து வரும் இழுவைப் படகு ஒன்றில் எஞ்சினியர். சாதகம் பொருந்திவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் கொழும்புத் துறைமுகத்துக்கு மாற்றம் கிடைக்கும், கலியாணம் முடித்தால் அங்கேதான் குடித்தனம் என்றார்கள். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வீட்டைத் தலைகீழாக்கினார். வருகிறவர்களை இருத்துவது மாமா படுக்கிற அந்த விறாந்தை அறையில்தான் என்பதால் மாமாவின் கட்டில் விரிப்பு மாறியது. மாமாவின் தலைமயிர் எண்ணெய் வைத்து வாரிப் பின்னால் கட்டப்பட்டது. பெரிய பிரச்சினை சுவரில் இருந்த படம். அந்த நாலு பேரும் ஒரு மண்டையோட்டுக்கு முன்னால் நிற்கிற படம் அது. நாலாவது ஆள் வாயைப் பிளந்துகொண்டு குச்சிகளை மேலே தூக்கியிருப்பார். கழற்றினால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும் என்று மாமா சொன்னார். அது பொய்யோ என்னவோ, அம்மா விவாதிக்க நேரமில்லாமல் மஹாலட்சுமி படம் போட்ட ஒரு நகைக்கடைக் கலண்டரைக் கொண்டுவந்து அதற்கு மேல் தொங்கவிட்டார். மஹாலட்சுமிக்குப் பின்னால் நாலு பேரும் மறைந்தார்கள். பிறகு அம்மா மாமாவுக்குச் சொன்னார்: மேளத்தைப் பற்றி ஒரு கதை கதைக்கக் கூடாது. கடையில் வேலை, அவ்வளவுதான். மாமா தலையை ஆட்டினார்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை உயரம் இல்லை; நல்ல தோள், கையில் கிறீஸ் ஏறிய நகங்கள். கதிரையில் இருந்ததும் சப்பாத்துக் கழற்றிய காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அவருடைய அம்மா பெரிய கைப்பையைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மஹாலட்சுமியைக் கண்டு திருப்திப்பட்டார். சின்னம்மா நீலச் சேலையில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். சின்னம்மா அறைக்குள் போனார். எல்லாம் நடக்க வேண்டியபடி நடந்துகொண்டிருந்தது.

வெயில் கடுமையாக இருந்தபடியால் மாமா எழுந்து விசிறியைக் கூட்டிவிட்டார். கலண்டர் மெல்ல ஆடியது. பிறகு படபடவென்று அடித்து ஒரு பக்கம் தூக்கியது. மஹாலட்சுமியின் இடுப்புக்குக் கீழே மண்டையோடு தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் ட்ரம்மரின் வாய். அம்மா வடைத் தட்டோடு வாசலில் அப்படியே நின்றார்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இது ஆருடைய படம் என்று கேட்டார். மாமா தயங்கித் தயங்கித் தன்னுடையது என்றார்.

தானும் பள்ளிக்கூட நாட்களில் இவர்களுடைய பாட்டுகளைக் கரைத்துக் குடித்தவன் என்று மாப்பிள்ளை சொன்னதும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மாமாவும் கதிரையில் முன்னுக்கு நகர்ந்து இருந்தார். அடுத்த வசனத்தில்தான் எல்லாம் கெட்டது.

"கிட்டார் எல்லாம் நல்லம். ட்ரம்ஸ் அடிக்கிறவர்தான் சரியில்லை."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை மிகவும் கவனமாகக் கீழே வைத்தார். எதை வைத்துச் சொல்லுகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

மாப்பிள்ளை மனதில் ஒன்றும் இல்லாமல், எஞ்சின் பழுதை விளக்குகிற மாதிரி விளக்கினார். மேடையில் இவர்கள் வாசிப்பதைக் கவனித்துக் கேட்டால் தெரியும். தொடங்கும்போது ஒரு வேகம், முடியும்போது வேறு வேகம். கைவேலை எளிது. இவருக்குப் பிறகு வந்த ட்ரம்மர்கள் காலால் அடிப்பதை இவரால் கையாலும் அடிக்க ஏலாது.

"எங்கட போட்டில எஞ்சின் இப்பிடி ஓடினால் அண்டைக்கே கழட்டிப் போடுவம்" என்றார்.

"அது எஞ்சின். இது மனுசன்" என்றார் மாமா.

அதற்குப் பிறகு யாராலும் அவர்களை நிறுத்த முடியவில்லை. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பது போல ஒருவர் முகத்தில் இருந்து மற்றவர் முகத்துக்குக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். வேகமாக அடிப்பதா பெரிது, எந்த இடத்தில் அடிக்காமல் விடுகிறான் என்பதல்லவா பெரிது என்று மாமா கேட்டார். அடிக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் சொல்வது அதுதான் என்று மாப்பிள்ளை சிரித்தார். மாமா இரண்டு விரல்களால் சின்ன மேசையில் பாட்டின் ஒரு இடத்தை அடித்துக் காட்டினார், கோப்பைகள் துள்ளின. மாப்பிள்ளை, அது அப்படி இல்லை, இப்படி என்று கதிரையின் கைப்பிடியில் அடித்தார். அடித்த விதத்திலேயே தெரிந்தது, அவரும் சும்மா ஆள் இல்லை. பள்ளிக்கூட பாண்ட் வாத்தியத்தில் ட்ரம் அடித்தவராம். கேசரிக் கரண்டி ஒன்று மாமாவின் கைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் கால் இரண்டும் நிலத்தில் தாளம் போட்டன. இருவருக்கும் வியர்த்தது.

மாப்பிள்ளையின் அம்மா மெல்ல எங்கள் அம்மாவின் பக்கம் சாய்ந்தார்.

"ஆரைப் பத்திக் கதைக்கிறாங்க புள்ள? உங்கட சொந்தக்காரரா?"

அம்மா என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்த ஆள் என்றார்.

அந்தத் தெரிந்த ஆளுக்காக இரண்டு பேருடைய குரலும் மேலே மேலே போயின. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. இசை தெரிந்த எவனும் அந்த ஆளைப் பெரிய ட்ரம்மர் என்று சொல்லமாட்டான் என்று மாப்பிள்ளை கடைசியில் சொன்னார். மாமாவின் முகம் சிவந்தது. இனி மாமா அடிக்கப் போகிற அடியில் இந்த மனிதர் எழும்பவே மாட்டார் என்று நான் கதிரை நுனியில் இருந்தேன்.

அந்த நேரம் மாப்பிள்ளையின் அம்மா குனிந்து, கீழே இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்தார்.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அம்மா கண்டார். மாமாவும் கண்டார். அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். வாயைத் துடைத்தார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், மெதுவாகச் சொன்னார்.

"ஓம் தம்பி, நீங்கள் சொல்லுறதுதான் சரி. அவர் பெரிய ஆள் இல்லை. நான் சின்ன வயசில கேட்ட பழக்கத்தில சொல்லிக்கொண்டு திரியிறன்."

ஒரு மாதம் கிட்டார்காரரோடு கதைக்காமல் இருந்தவர்! நானும் அல்லவா முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன்! மாமா எங்களை விற்றுவிட்டார் என்றே நினைத்தேன். அழுகை வந்தது. அம்மாவோ பெரிதாக மூச்சு விட்டு, வடைத் தட்டை எல்லோருக்கும் நீட்டத் தொடங்கினார். மாப்பிள்ளைக்கும் வென்ற சந்தோசம் இல்லை. விளையாடிக்கொண்டிருந்தவன் பாதியில் பந்தை எடுத்துக்கொண்டு போனது போல முழித்தார்.

அறைக் கதவு திறந்தது. சின்னம்மா வந்து மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். கூப்பிடாமல் பெண் வெளியே வருகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அம்மா கண்ணால் உள்ளே போகச் சொன்னார். சின்னம்மா அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்காக அப்பிடிச் சொல்லாதைங்கோ அண்ணா" என்றார்.

பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் இப்படித்தான் நிற்பார் போலும்.

"அவர் தாளத்தை விடேல்லை. மற்றக் குழுக்காரர் எல்லாம் ட்ரம்ஸுக்குப் பின்னால போவினம். இவையள் அப்பிடி இல்லை. கிட்டார்காரர் முன்னுக்கு ஓடுறார். இவர் அவரைத் தனிய விடாமல் கூடவே ஓடுறார். அதுதான் உங்களுக்கு வேகம் கூடின மாதிரிக் கேட்குது."

மாப்பிள்ளை, எந்தப் பாட்டில் அப்படி என்று கேட்டார். கேலியாக இல்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சின்னம்மா மாமாவிடம் மூன்றாவது பாட்டைப் போடச் சொன்னார். மாமா அசையவில்லை, தங்கச்சியையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் ஓடிப்போய்ப் பொத்தானை அமத்தினேன்.

மாமாவின் இரண்டு பெட்டி ஸ்பீக்கர்களில் இருந்தும் அது வெடித்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா இரண்டு காதையும் பொத்தினார். கூரைத் தகடு அதிர்ந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டார். எஞ்சினறையிலும் இப்படித்தான் சத்தத்தைக் கேட்பாராக்கும். பாட்டின் நடுவில் சின்னம்மா விரலைத் தூக்கினார். இந்த இடம். கிட்டார் பாய்ந்தது, அதற்கு ஒரு மயிரிழை பின்னால் ட்ரம்ஸும் பாய்ந்தது. எனக்கே அது கேட்டது. இவ்வளவு நாளும் வெறும் இடிமுழக்கமாக இருந்ததற்குள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது முதல்தரம் எனக்குக் கேட்டது. நான் கட்டிலில் ஏறித் துள்ளினேன். ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை இன்னொருதரம் போடச் சொன்னார். அதே இடத்தைத் திரும்பக் கேட்டார். பாட்டு முடிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஆனாலும் வேகம் கூடுதுதானே."

"ஓம், கூடுது. கூடினால் என்ன?" என்றார் சின்னம்மா.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அதுவரை காலை உள்ளே இழுத்துக்கொண்டு இருந்தவர், காலை நீட்டிக் கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். நீங்கள் இதெல்லாம் எங்கே கேட்டீர்கள் என்று கேட்டார். சின்னம்மா கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார்.

"அங்கால இருந்து. அண்ணா போடேக்க ஒவ்வொரு நாளும் கேட்கிறனான்."

அதற்கு மேல் நிற்கவில்லை, உள்ளே போய்விட்டார். சாத்தப்பட்ட கதவையே மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் அம்மா குசினியில் இருந்து அழுதார். மண்டையோட்டையும் காட்டி, கரண்டியாலும் அடித்து, பெண்ணும் வெளியே வந்து விவாதித்த வீட்டுக்கு யார் மாப்பிள்ளை தருவான் என்று மாமாவை ஏசினார். நான் அதற்கிடையில் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக ஓடி, எங்கள் கட்சி வென்றுவிட்டது என்று சொல்லி முடித்திருந்தேன். என்ன கட்சி, யாரை வென்றது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காமலே எல்லோரும் சிரித்தார்கள்.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா. மகனுக்கு இனி வேறு இடம் பார்க்கத் தேவையில்லையாம். ஓட்டோவில் போகும்போதே சொல்லிவிட்டாராம். நல்ல நாள் ஒன்று பாருங்கள், மாற்றத்துக்கு முன்னால் வைத்துவிட்டால் பிள்ளைகள் இரண்டு பேருமாகவே கொழும்புக்குப் போகலாம் என்றாராம். ஒரேயொரு சொல்தான், கலியாணத்தன்று அந்த மண்டையோட்டுப் படம் மட்டும் வேண்டாமாம்.

அம்மா திரும்ப அழுதார், இந்த முறை சிரித்துக்கொண்டு. சின்னம்மாவைக் கட்டிப் பிடித்தார். நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தேன். வீட்டில் மிச்சம் இருந்த கேசரி முழுவதும் எனக்கே கிடைத்தது. துறைமுகத்துக்குள் ஏதோ கப்பல் வந்திருக்க வேண்டும், நீளமாகக் கூவியது. அதுகூட எங்களுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது.

மாமாவிடம் ஓடினேன். அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தார். தலையணைகள் அடுக்கப்படவில்லை. சீடியும் ஓடவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது; எப்படிப் பார்த்தாலும் கடைசியில் நாங்கள்தான் வென்றிருந்தோம். வென்ற நாளில் சீடியைப் போடாமல் இருக்கிறாரே என்றுதான் இருந்தது. போடுங்கோ மாமா, போடுங்கோ மாமா என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"சின்னம்மா அங்கால நிக்கிறாவோ எண்டு பார்த்துக்கொண்டு வா" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சின்னம்மா நீலச் சேலை மாற்றாமல், சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். மடியில் பரீட்சைத் தாள் ஒன்றும் இல்லை. ஓடிவந்து, அங்கேதான் இருக்கிறா என்றேன்.

மாமா எழுந்தார். ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். நல்லாக ஒட்டி வைத்தார். பிறகு சீடியைப் போட்டுவிட்டுக் கட்டிலில் இருந்தார். குச்சிகளை எடுக்கவில்லை.

மாமாவும் நானும் இருந்த பக்கம் சத்தம் மங்கலாகத்தான் கேட்டது. பாதி ஒலி சுவருக்குள்ளேயே போய்விட்டது. பெட்டி பிழையாக இருக்கிறது, திருப்பி வையுங்கோ, எங்களுக்குக் கேட்கவில்லை என்று நான் அவரிடம் சொன்னேன். இவ்வளவு பெரிய ட்ரம்ஸ்காரருக்கு ஒரு ஸ்பீக்கரை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று தெரியவில்லையே என்று எனக்கு அன்றைக்கு மாமாவை நினைக்கப் பாவமாக இருந்தது.